கவுன்ட்டி எல்லையில் வீடு: எல்லைக் கோட்டை நகர்த்த முடியுமா?

அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் கேரி என்ற ஊரின் மேற்குப் பக்கம் வீடு பார்க்கிற நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "முகவரியில் கேரி என்று இருக்கிறது, ஆனால் வரி சாட்டம் கவுன்ட்டிக்குப் போகிறதாம், பிள்ளைகளை வேக் கவுன்ட்டிப் பள்ளியில் சேர்க்க முடியாதாம், எல்லை பத்தடி தள்ளித்தானே இருக்கிறது, எழுதிக் கொடுத்து மாற்ற முடியாதா?" (கவுன்ட்டி என்பது இங்கே நம் ஊர் மாவட்டம் மாதிரி.) என் வேலை நில வரைபடத் தரவோடு என்பதால் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும் அளவுக்கு நீளமான பதில் இது, அதனால் எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: மாற்றலாம், ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்து மாற்ற முடியாது. கவுன்ட்டியை நடத்துகிற கமிஷனர்கள் (மக்கள் தேர்ந்தெடுத்த குழு) நினைத்தாலும் முடியாது. இரண்டு கவுன்ட்டியும் கைகோத்துக் கேட்டால்கூட அவர்களால் தாங்களாகச் செய்ய முடிவது ஓர் அளவுக்குத்தான். நீளமான பதிலில்தான் சுவாரஸ்யமான விஷயங்களும் இருக்கின்றன, கோபம் வர வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன.

முதலில் ஊர் வேறு, கவுன்ட்டி வேறு என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலரும் கேரி என்பது வேக் கவுன்ட்டிக்குள் அடங்கிய ஒரு ஊர் என்று நினைக்கிறார்கள். கேரி டவுனின் எல்லை வேக், சாட்டம், டர்ஹாம் என்று மூன்று கவுன்ட்டிகளில் கால் வைத்திருக்கிறது. மாரிஸ்வில்லின் ஒரு துண்டு டர்ஹாம் கவுன்ட்டியில் இருக்கிறது. சாப்பல் ஹில் பெரும்பாலும் ஆரஞ்சு கவுன்ட்டி, கிழக்கே ஒரு பகுதி டர்ஹாம் கவுன்ட்டி. அந்தப் பகுதியில் குடியிருந்தால் சாப்பல் ஹில் முகவரி வைத்துக்கொண்டே பிள்ளை டர்ஹாம் பள்ளிக்குத்தான் போகும். ஆம்பர்லி மாதிரியான குடியிருப்புகளில் ஒரே வீட்டுக்காரர் சங்கம், ஒரே நீச்சல் குளம், ஆனால் சில தெருக்கள் வேக், சில தெருக்கள் சாட்டம். தபால் முகவரியும் ஜிப் கோடும் தபால்காரரின் வசதிக்காகப் போட்டவை, கவுன்ட்டி எல்லையை அவை மதிப்பதே இல்லை. இதை நம்பி வீடு வாங்கியவர்கள் நிறைய.

கவுன்ட்டி மாறினால் என்ன மாறும் என்றால், கிட்டத்தட்ட எல்லாமே. சொத்து வரி விகிதம் வேறு. வீட்டுக்கு மட்டும் இல்லை, காருக்கும் வருடா வருடம் பதிவு புதுப்பிக்கும்போது கட்டுகிற வரியும் கவுன்ட்டியைப் பொறுத்தது. பள்ளி வேறு. ஷெரிஃப் வேறு, ஆம்புலன்ஸ் வேறு, நீதிமன்றம் வேறு, ஜூரி அழைப்பு வருகிற இடம் வேறு. ஓட்டுப் போடுகிற வேட்பாளர்கள் வேறு. நிலத்தை மறுமதிப்பீடு செய்கிற வருடம்கூட வேறு: மாநிலச் சட்டம் எட்டு வருடத்துக்கு ஒரு முறையாவது செய் என்கிறது, அதற்குள் ஒவ்வொரு கவுன்ட்டியும் தன் கணக்கை வைத்துக்கொள்ளும். வேக் கவுன்ட்டி 2020-லும் 2024-லும் செய்தது, டர்ஹாம் 2019-லும் 2025-லும். அதனால் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் ஒருவருக்கு இந்த வருடம் மதிப்பு எகிறும், இன்னொருவருக்கு அடுத்த வருடம் எகிறும். விற்பனை வரியும் வேக் 7.25 சதவீதம், டர்ஹாம் 7.5 சதவீதம் என்று போகிறது, ஆனால் அது கடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, வீட்டுக்காரருக்குப் பெரிய விஷயம் இல்லை.

சரி, எல்லை ஏன் வீட்டுக்கு நடுவில் போகிறது? வீடு கட்டும்போதே பார்த்துக் கட்டியிருக்கக் கூடாதா?

கோடு போட்ட காலத்தில் அங்கே வீடே இல்லை. இந்தப் பக்கத்துக் கவுன்ட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வெட்டி எடுக்கப்பட்டவை. ஆரஞ்சு கவுன்ட்டி 1752-ல் உருவானது, அப்போது அது மிகப் பெரியது. அதிலிருந்து 1771-ல் சாட்டம் பிரிந்தது, அதே வருடம் ஆரஞ்சு, ஜான்ஸ்டன், கம்பர்லாண்ட் மூன்றிலிருந்தும் துண்டு எடுத்து வேக் உருவானது. 1849-ல் அலமான்ஸ் பிரிந்தது. 1881-ல் ஆரஞ்சிலிருந்தும் வேக்கிலிருந்தும் எடுத்து டர்ஹாம் வந்தது, அதற்கும் பிறகு 1911-ல் வேக்கின் ஒரு பகுதியை டர்ஹாமுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சட்டசபையில் ஒரு சட்டம், அந்தச் சட்டத்தில் ஒரு வாக்கியத்தில் எல்லை: இன்ன ஓடையிலிருந்து இன்ன திசையில் இத்தனை மைல், அங்கிருந்து நேராக இன்ன கவுன்ட்டியின் மூலை வரைக்கும். அவ்வளவுதான். பல கோடுகளை அன்றைக்கு யாரும் முழுசாக நடந்து அளக்கவும் இல்லை.

அளந்த கோடுகளும் எப்படி அளந்தவை என்று பாருங்கள். 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி, நூறு கண்ணி. அதைக் காட்டுக்குள் இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போக வேண்டும், மேடு பள்ளத்தில் அதை மட்டமாகப் பிடிக்க வேண்டும். திசைக்குக் காந்த ஊசி. காந்த வடக்கு உண்மையான வடக்கு இல்லை, அது வருடத்துக்கு வருடம் நகரவும் செய்கிறது. திசை ஒரே ஒரு டிகிரி தப்பினால் ஒரு மைலில் 92 அடி விலகும், பத்து மைல் போனால் 900 அடிக்கு மேல். 900 அடியில் இன்றைய வீட்டு மனைகள் வரிசையாகப் பத்துக்கு மேல் போட்டுவிடலாம். அடையாளத்துக்கு மரத்தில் கோடாலியால் வெட்டு போடுவார்கள். மரம் செத்துப் போகும், புயலில் விழும், யாராவது அடுப்புக்கு வெட்டிக்கொண்டு போவார்கள். நூறு வருடம் கழித்து எல்லை எங்கே என்றால், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுதான் எல்லை.

இதற்கு மேல் வந்து உட்கார்ந்ததுதான் வரி அலுவலக வரைபடம். பழைய காகித வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஒவ்வொரு கவுன்ட்டியும் தன் பக்கத்தை மட்டும் ஏற்றியது. பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டிகளின் வரைபடங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கிற வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. சில இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் யாருக்குமே சொந்தமில்லாத ஒரு ஒல்லியான துண்டு இருக்கும், சில இடத்தில் ஒரே நிலத்தை இரண்டு பேரும் தன்னுடையது என்று வரைந்திருப்பார்கள். இணையத்தில் நீங்கள் பார்க்கிற அந்தக் கோடு வரி போடுவதற்காக வரைந்த உத்தேசக் கோடு, சர்வே இல்லை. அந்தப் பக்கத்தின் அடியிலேயே பொடி எழுத்தில் அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் வீடு அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது. எந்த இரண்டு கவுன்ட்டி என்பது வேண்டாம். பின்பக்கத் தோட்டத்தில் எல்லை போகிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். பின்னால் சர்வேயர் வந்து, காரோட்டும் பாதையில் தார்மேல் ஒரு ஆணி அடித்து, அதைச் சுற்றி இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு, வேலிப் பக்கம் போய் இன்னொரு மரக்குச்சியும் நட்டார். நான் போயிருந்த அன்று அந்த அக்கா ஆணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தம்பி, இங்கே நின்னு அந்தக் குச்சியைப் பாருங்க" என்றார். பார்த்தேன். கராஜ் முழுக்க அந்தப் பக்கம், சாப்பாட்டு மேஜை பாதி அந்தப் பக்கம், அடுப்படியும் படுக்கை அறைகளும் இந்தப் பக்கம். "அப்போ நாங்க எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை, பெரிய பையன் ஒன்பதாம் வகுப்பு போகிற வருடம் அது.

அவர்களுக்கு இரண்டு வரிச் சீட்டு வரும். ஒன்று வீட்டுக்கும் பெரும்பகுதி நிலத்துக்கும், இன்னொன்று அந்தப் பக்கத்துத் துண்டுக்கு, மிகச் சின்னத் தொகை. வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனம் எஸ்க்ரோவிலிருந்து (வரிக்காக மாதா மாதம் நம்மிடம் வாங்கிச் சேர்த்து வைக்கிற கணக்கு) முதல் சீட்டை மட்டும் கட்டியது, இரண்டாவது சீட்டு ஒன்று இருப்பதே அவர்கள் கணினிக்குத் தெரியாது. இங்கே வரி செப்டம்பர் 1 அன்று கட்ட வேண்டியதாகிறது, ஜனவரி 5 வரை வட்டியில்லாமல் கட்டலாம், அதைத் தாண்டினால் முதலில் 2 சதவீதம், பிறகு மாதம் முக்கால் சதவீதம் வட்டி. தொகை சின்னதுதான், ஆனால் பாக்கி வைத்திருப்பவர் என்று பெயர் வருகிறது, அதைச் சரிசெய்ய ஆள் மாற்றி ஆளாகப் பேச வேண்டியிருக்கிறது. பத்திரமும் அப்படித்தான்: நிலம் இரண்டு கவுன்ட்டியில் இருந்தால் இரண்டு பத்திரப் பதிவு அலுவலகத்திலும் பதிய வேண்டும். விட்டுப்போனால் விற்கிற நாளில் வில்லங்கம் பார்க்கிற வக்கீல் அதைக் கண்டுபிடிப்பார், அன்றைக்கு க்ளோசிங், அதாவது கையெழுத்துப் போட்டு விற்பனையை முடிப்பது, நின்றுபோகும்.

ஓட்டு விஷயத்தில் நீதிமன்றங்கள் பழைய காலத்திலிருந்தே ஒரு நடைமுறை வைத்திருக்கின்றன, வீட்டின் பெரும்பகுதி எந்தப் பக்கம், குடியிருப்பவர் தூங்குகிற அறை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடமும் வரி அலுவலகமும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இப்போது சட்டம். நார்த் கரோலினாவில் கவுன்ட்டிகளை உருவாக்குவதும் அவற்றின் எல்லையை மாற்றுவதும் மாநிலச் சட்டசபையின் அதிகாரம். கவுன்ட்டிகளுக்கு விட்டுவைத்திருப்பது ஒன்றே ஒன்று: எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால், பழைய சட்டத்தின் விவரிப்பு தெளிவாக இல்லை அல்லது அடையாளங்கள் அழிந்துவிட்டன என்றால், இரண்டு கவுன்ட்டியும் சேர்ந்து சர்வே செய்து கோடு எங்கே என்று நிர்ணயிக்கலாம். இந்த வேலைக்கு மாநிலத்தின் ஜியோடெடிக் சர்வே துறை (துல்லியமான நில அளவைக்கான துறை) உதவுகிறது. அவர்கள் பழைய சட்டங்கள், பழைய பத்திரங்கள், அந்தக் காலத்துச் சர்வே குறிப்புகள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, களத்தில் போய்ப் பார்த்து, வரைபடம் கொடுப்பார்கள். இரண்டு கமிஷனர் குழுவும் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால், அந்த வரைபடத்தை இரண்டு கவுன்ட்டியின் பதிவு அலுவலகத்திலும் மாநிலச் செயலாளர் அலுவலகத்திலும் பதிவார்கள். இரண்டு கவுன்ட்டிக்கும் ஒத்துவரவில்லை என்றால் நீதிபதியிடம் போய் எல்லைக் குழு ஒன்று கேட்கலாம்.

கவனிக்க வேண்டியது இதுதான். இந்த வழியில் கோட்டைக் கண்டுபிடிக்கலாம், நகர்த்த முடியாது. ஒரு வீட்டுக்காரர் கஷ்டப்படுகிறார், அவர் மனையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவோம் என்று கமிஷனர்கள் முடிவெடுக்க முடியாது. அப்படி வளைக்க வேண்டும் என்றால் சட்டசபையில் அந்த இரண்டு கவுன்ட்டிக்கு மட்டுமான ஒரு சட்டம் வர வேண்டும். அதற்கு உள்ளூர் எம்.எல்.ஏ. முன்வர வேண்டும், இரண்டு கவுன்ட்டியும் எதிர்க்காமல் இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ஆரஞ்சும் அலமான்ஸும். 1849-ல் சட்டம் சொன்ன கோடு ஒன்று, காலப்போக்கில் இரண்டு கவுன்ட்டியின் வரி அலுவலகங்களும் வழக்கத்தில் வைத்திருந்த கோடு வேறு. நவீன முறையில் அளந்து பார்த்தபோது எத்தனையோ மனைகள் தப்பான பக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தது. பழைய கோட்டுக்கே போவோம் என்றால் தலைமுறையாக ஆரஞ்சு கவுன்ட்டிக்காரராக வாழ்ந்தவர் ஒரே நாளில் அலமான்ஸ்காரராகிவிடுவார், பிள்ளைகள் பள்ளி மாற வேண்டும். கடைசியில் சட்டசபைக்குப் போய், 2011-ல் எல்லையின் பெரும்பகுதிக்கு ஒரு சட்டம், தீராமல் நின்ற மிச்சத்துக்கு 2012-ல் இன்னொரு சட்டம் என்று முடித்தார்கள். இத்தனைக்கும் அங்கே மெபேன் என்ற ஊரே இரண்டு கவுன்ட்டியிலும் படுத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய கதை நார்த் கரோலினாவுக்கும் சவுத் கரோலினாவுக்கும் நடுவில் உள்ள கோடு. அது மாநில எல்லை, ஆனால் மாநில எல்லை நகர்ந்தால் கவுன்ட்டி எல்லையும் கூடவே நகரும், அதனால் இங்கே சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்து அரசு போட்ட உத்தரவு எளிமையானது: கேப் ஃபியர் ஆற்று முகத்துவாரத்திலிருந்து தென்மேற்கே 30 மைல் தள்ளி ஆரம்பி, அங்கிருந்து வடமேற்காக 35-ஆம் அட்சரேகை வரை போ, பிறகு நேராக மேற்கே போ. 1735-ல் வேலையை ஆரம்பித்தார்கள். 1737-ல் வந்த குழு 35-ஆம் அட்சரேகை வந்துவிட்டது என்று நினைத்து ஒரு புல்வெளியில் முளை அடித்தது. உண்மையில் அந்த இடம் பத்து மைலுக்கும் மேல் தெற்கே இருந்தது. 1764-ல் வந்தவர்கள் அந்த முளையை நம்பி அங்கிருந்து மேற்கே கோடு இழுத்துக்கொண்டு போய், வெகுதூரம் போன பிறகுதான் தப்பைக் கண்டுபிடித்தார்கள். சவுத் கரோலினாவுக்கு நிலம் போச்சு. அதை ஈடுகட்ட 1772-ல் கட்டாபா ஆற்றுக்கு மேற்கே கோட்டை வடக்கே தள்ளிப் போட்டார்கள். இன்றைக்கு வரைபடத்தில் சார்லட் நகரத்துக்குத் தெற்கே அந்த எல்லை கோணல்மாணலாக ஏறி இறங்குவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

1990களில் இரண்டு மாநிலமும் சேர்ந்து 334 மைல் எல்லையையும் திரும்ப அளக்க ஆரம்பித்தன. புதிதாக 35-ஆம் அட்சரேகையைத் தேடிப் போகவில்லை. அன்றைக்கு அந்தக் குழுக்கள் உண்மையில் எந்த வழியாக நடந்தார்கள், எந்த மரத்தில் வெட்டுப் போட்டார்கள் என்பதைத்தான் தேடினார்கள், ஏனென்றால் தப்போ சரியோ தரையில் போட்டு இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட கோடுதான் சட்டப்படி எல்லை. மரங்கள் போய்விட்டன, ஆனால் அந்த மரங்களைக் குறிப்பிட்டு எழுதிய பழைய நிலப் பத்திரங்கள் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி, பிறகு ஜிபிஎஸ் வைத்துத் தரையில் குறித்தார்கள். இரண்டு பத்தாண்டுகளுக்கு இழுத்தது. எனக்கு இந்த வேலைமேல் பெரிய மரியாதை உண்டு.

முடிவில் 19 வீடுகள் மாநிலம் மாறின. 16 வீடுகள் சவுத் கரோலினாவிலிருந்து நார்த் கரோலினாவுக்கு, 3 வீடுகள் எதிர்ப்பக்கம். 2016-ல் சட்டம் போட்டு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. லேக் வைலி பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க் சவுத் கரோலினாவில் இருப்பதாக நினைத்துத் தொழில் நடந்துகொண்டிருந்தது, கோடு வந்து அதை நார்த் கரோலினாவுக்குள் போட்டது. அப்போது சவுத் கரோலினாவின் பெட்ரோல் வரி கேலனுக்கு 16.75 சென்ட், நார்த் கரோலினாவில் அதைப் போல இரு மடங்கு. சவுத் கரோலினாவில் பட்டாசு விற்கலாம், நார்த் கரோலினாவில் வெடிப்பதும் பறப்பதும் கூடாது. எல்லைக் கடை என்பதற்காகவே வருகிற வாடிக்கையாளரை வைத்துப் பிழைக்கிற கடைக்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

இந்த விஷயத்தில் நான் பாராட்டுவது அந்த 2016 சட்டத்தோடு கூடவே கொடுத்த பாதுகாப்புகளை. இத்தனை வருடம் தப்பான மாநிலத்துக்கு வரி கட்டினாய் என்று பழைய பாக்கி கேட்கக் கூடாது. படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை அதே பள்ளியில் தொடரலாம். பல்கலைக்கழகத்தில் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் பறிபோகக் கூடாது. பத்தொன்பது வீட்டுக்காக இரண்டு சட்டசபைகள் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தன. அப்படியிருக்க, ஒரே மாநிலத்துக்குள் இரண்டு கவுன்ட்டிக்கு நடுவில் கோடு திருத்தும்போது ஏன் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர்கள் புதிதாகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது? என் ஆதங்கம் அதுதான். கோட்டைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது சர்வேயரின் வேலை, அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் நாற்பது வருடம் ஒரு கவுன்ட்டியில் வரி கட்டி, ஓட்டுப் போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது என்றால், கோடு அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு போவதுதான் நியாயம். வெறும் நிலம் எந்தப் பக்கம் போனாலும் போகட்டும். ஆள் குடியிருக்கிற வீட்டை மட்டும் அவர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது. இதை ஒவ்வொரு ஜோடிக் கவுன்ட்டிக்கும் தனித்தனியாகச் சட்டம் கொண்டுவராமல் மாநிலம் முழுக்கப் பொது விதியாக எழுதிவிடலாம்.

ஜார்ஜியாவில் இது வேறு மாதிரி போனது. அங்கே மன்றோ, பிப் என்ற இரண்டு கவுன்ட்டிகள் எல்லைக்காகப் பல வருடம் சண்டை போட்டன. கோட்டில் கிடந்த வியாபாரக் கட்டடங்களின் வரி வருமானம் யாருக்கு என்பதுதான் அடிப்படை. அங்கே சட்டப்படி முடிவெடுக்க வேண்டியவர் மாநிலச் செயலாளர். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், எல்லையை நிர்ணயிக்க வேண்டியது செயலாளரின் கடமை, ஆனால் இந்தக் கோட்டைத்தான் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் அவருக்குச் சொல்ல முடியாது என்று 2014-ல் தீர்ப்பு வந்தது. சர்வேக்கும் வக்கீலுக்கும் கொட்டிய பணம் எல்லாம் இரண்டு பக்க மக்களின் வரிப் பணம். கோட்டுக்குப் பக்கத்தில் பெரிய கடை வந்துவிட்டால் கவுன்ட்டிகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், ஆகவே இப்படிப்பட்ட சர்வேயை அந்தப் பக்கம் வெறும் காடாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

கொலராடோவில் ப்ரூம்ஃபீல்ட் செய்தது எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம். 1961-ல் போல்டர் கவுன்ட்டிக்குள் ஒரு சின்ன ஊராக ஆரம்பித்து, வளர வளர போல்டர், ஆடம்ஸ், ஜெஃபர்சன், வெல்ட் என்று நான்கு கவுன்ட்டிகளில் பரவிவிட்டது. ஒரே ஊருக்குள் நான்கு வரி அலுவலகம், நான்கு நீதிமன்றம், நான்கு கவுன்ட்டித் தலைநகரம், ஒரு சான்றிதழ் வாங்க எந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு திசையில் கார் ஓட்ட வேண்டும். கடைசியில் தனிக் கவுன்ட்டியாகவே ஆகிவிடுகிறோம் என்று கேட்டார்கள். அதற்கு மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. 1998-ல் கொலராடோ முழுக்க மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். 2001 நவம்பர் 15 அன்று மாநிலத்தின் 64-ஆவது கவுன்ட்டியாக ப்ரூம்ஃபீல்ட் ஆனது. அப்போது அங்கே இருந்தவர்கள் நாற்பதாயிரம் பேர் அளவுக்குத்தான். எல்லா ஊரும் இப்படிச் செய்ய முடியாது, கேரி அப்படிக் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் கவுன்ட்டி எல்லை என்பது யாரும் தொடக்கூடாத ஒன்று என்று யாராவது சொன்னால் ப்ரூம்ஃபீல்டைக் காட்டலாம்.

சரி, வீடு வாங்குகிறவர்களுக்கு. ரியல்டர் (வீட்டுத் தரகர்) பட்டியலில் போட்டிருக்கிற பள்ளியின் பெயரை நம்ப வேண்டாம், அந்த முகவரியை நேரடியாகப் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், புதிய குடியிருப்பு என்றால் போன் செய்தே கேளுங்கள். வரி அலுவலகத் தளத்தில் மனை எண்ணைத் தேடுங்கள், பக்கத்துக் கவுன்ட்டியின் தளத்திலும் அதே உரிமையாளர் பெயரைத் தேடுங்கள். இரண்டிலும் வந்தால் அது கோட்டில் இருக்கிற மனை. அப்படி இருந்தால் க்ளோசிங்குக்கு முன்னால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, கோடு எங்கே போகிறது என்று வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். வில்லங்கம் பார்க்கிற வக்கீலிடம் இரண்டு கவுன்ட்டியிலும் தேடினீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடன் நிறுவனத்திடம் இரண்டு வரிச் சீட்டு உண்டு என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள், இரண்டாவது மனை எண்ணையும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவசர உதவி எண் 911: அழைத்தால் எந்தக் கவுன்ட்டியின் மையத்துக்குப் போகும், எந்தத் தீயணைப்பு நிலையம் வரும் என்பதை நிதானமான ஒரு நாளில் அவசரம் அல்லாத எண்ணில் கூப்பிட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா வீட்டில் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன், வயதான மாமியார் கூட இருக்கிறார்.

ஏற்கெனவே எல்லையில் குடியிருப்பவர்களுக்குக் கவுன்ட்டியிலிருந்து என்றைக்காவது ஒரு கடிதம் வரும்: எல்லை சர்வே நடக்கிறது, உங்கள் மனை பாதிக்கப்படலாம், இன்ன தேதியில் கூட்டம். பார்க்க விளம்பரக் கடிதம் மாதிரி இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போவதே இல்லை, போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். குடியுரிமை இல்லை, எச்1பி-யில் இருக்கிறோம், நமக்கென்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஓட்டு வேண்டுமானால் இல்லாமல் இருக்கலாம், வரி கட்டுகிற வீட்டுக்காரர் நீங்கள், கூட்டத்தில் உங்களுக்கும் மூன்று நிமிடம் கொடுப்பார்கள். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை அதே பள்ளியில் முடிக்கலாமா, பழைய வருடங்களுக்கு வரி கேட்பீர்களா, வயதானவர்களுக்கும் விவசாய நிலத்துக்கும் உள்ள வரிச் சலுகை தானாகத் தொடருமா அல்லது புதுக் கவுன்ட்டியில் மறுபடி மனுப் போட வேண்டுமா, பத்திரத்தை மறுபடி பதிகிற செலவு யாருடையது, கிணறும் செப்டிக் தொட்டியும் இருந்தால் பழைய அனுமதி செல்லுமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூடவே உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் செனட்டருக்கும் அதே கேள்விகளை அனுப்புங்கள், வீட்டைச் சுற்றிக் கோட்டை வளைக்கிற அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. இதையெல்லாம் கமிஷனர்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். தீர்மானம் நிறைவேறி வரைபடம் பதிவு அலுவலகத்தில் ஏறிவிட்டால், அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்காக மட்டும் சட்டசபையில் தனியாக ஒரு மசோதா கொண்டுவர ஆள் தேட வேண்டியிருக்கும்.